அத்தானின் குதிரை

எனக்குச் சதுரங்கம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் போன வருடம் ஒரு மாதம் முழுக்க, செத்துப்போன ஒரு மனிதருக்காக நான் தினமும் விளையாடினேன். விடிந்ததும் அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டு, குசினி யன்னலோரம் நின்று, அவர் விளையாடுகிற நேரம் பார்த்து விளையாடினேன். கனடாவில் இரவுச் சாப்பாடு முடிகிற நேரம் எங்களுக்கு விடிகிற நேரம்.

செத்தவர் என் கணவரின் தமையன். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனும் தம்பியும் பண்டத்தரிப்பில் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே செஸ் பைத்தியங்கள். சண்டைக் காலத்தில் பங்கர் குழிக்குள் இருந்தும் விளையாடினார்களாம். ஒரு குதிரை தொலைந்துபோய், அதற்குப் பதிலாகப் புளியங்கொட்டை ஒன்றை வைத்துக்கொண்டார்களாம். குண்டு விழுந்த கதையை என் கணவர் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை, அந்தப் புளியங்கொட்டைக் கதையை மட்டும் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். அத்தான் கனடாவுக்குப் போனபிறகு விளையாட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பதோடு சரி.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தானின் ஒரே மகள்தான் எங்களுக்கும் மகள் மாதிரி. இவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தபிறகு அவள்தான் கனடாவிலிருந்தபடியே இரண்டு பேருடைய போனிலும் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். சித்தப்பா சும்மா படுத்திருந்து முகட்டைப் பார்த்து யோசிக்கக் கூடாதாம்.

பார்த்தால் செஸ் பலகைதான். ஆனால் கட்டம் முழுக்க நிறம் நிறமாய்க் காய்கள் அடைத்துக்கொண்டிருக்கும். குதிரை குதிரை போகிற மாதிரியும் மந்திரி மந்திரி போகிற மாதிரியும்தான் நகரும். நகர்ந்துபோய் அங்கே இருக்கிற காயோடு இடம் மாறிக்கொள்ளும். அப்படி மாறின பிறகு ஒரே நிறத்தில் மூன்று காய் வரிசையாய் வந்தால், அவை மறைந்து மேலேயிருந்து புதுக்காய்கள் விழும். வரிசை சேராவிட்டால் மூலையில் சாம்பல் நிறக் கல் ஒன்று வந்து குந்திக்கொள்ளும். கல் கூடினால் காய்கள் அசைய இடமிராது. பக்கத்தில் வரிசை சேர்ந்தால்தான் கல் உடையும். இதில் ஒருவரையொருவர் வெல்வது என்று ஒன்றில்லை. இரண்டு பேரும் ஒரே பலகையில் மாறி மாறி விளையாடி அதை அடைபடாமல் காப்பாற்ற வேண்டும். யாராவது ஒருவர் மூன்று நாள் தொடாமல் விட்டால் பலகை தானாகக் கலைந்துபோகும். இவர்கள் இருவரும் மாதக்கணக்காக ஒரே பலகையைக் கலையாமல் கொண்டுபோனார்கள். அதில் இவருக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

இவர் வெங்காயத் தோட்டம் செய்தவர். சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன ஒரு காலையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்தார். பைபாஸ் செய்யவேண்டும், தேதி சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, அதிர்ச்சி தரக்கூடிய எதையும் சொல்லக் கூடாது. கடைசியில் சொன்னதை டாக்குத்தர் என் முகத்தைப் பார்த்து இன்னொரு தரமும் சொன்னார். என் வாய் அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது.

நல்லூர்க் கோயிலில் கொடி ஏறி இரண்டொரு நாள் இருக்கும். மத்தியானம் இவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். கனடாவிலிருந்து மகள் போன் எடுத்தாள்.

"சித்தி, அப்பா மோசம் போயிட்டார்."

அங்கே இன்னும் விடியவில்லை, நித்திரையிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். அவள் அந்தப் பக்கம் குழறி அழுதுகொண்டிருந்தாள். நான் கையில் அகப்பையோடு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அத்தான் எனக்கும் நல்லவர். கலியாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் எனக்காக வாய் திறந்து கதைத்த ஒரே ஆள் அவர்தான். அப்படிப்பட்டவர் செத்த செய்தி கேட்டு என் வாயில் முதலில் வந்தது, "அப்பான்ரை போன் இப்ப ஆரிட்டை இருக்கு?" என்ற கேள்விதான்.

பிள்ளை கெட்டிக்காரி. அழுகைக்குள்ளும் உடனே விளங்கிக்கொண்டாள். ஒப்பரேசன் முடியும்வரை சித்தப்பாவுக்குச் சொல்வதில்லை என்று இருவரும் முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு என்ன செய்வது என்று நான் கேட்க, அப்பாவுக்குத் தொண்டையில் சின்ன ஒப்பரேசன், கொஞ்ச நாளைக்கு வாய் திறக்கக் கூடாது என்று சொல்லுங்கோ என்றாள். அத்தானின் விளையாட்டை என் போனில் திறக்கிற வழியையும் சொல்லித்தந்தாள். இவருடைய போனிலிருந்து வாட்சப்பைக் கழற்றிவிட்டுப் பழுது என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தேவையென்றால் தண்ணி பட்ட பாடாய் வரும்.

இவர் எழும்பியதும் தொண்டைக் கதையைச் சொன்னேன். "கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. விளையாடுவார்தானே?" என்று கேட்டார். ஓம், விளையாடுவார் என்றேன்.

அன்றிலிருந்து எனக்குள் ஏதோ மரத்துப்போனது. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருந்த இடத்தில்தான் இருக்கும், தடவினால் தெரியாது. அப்படித்தான் இருந்தேன். சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், மருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் குறையவில்லை. ஒன்றும் தெரியவுமில்லை.

ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாளே சனம் துக்கம் விசாரிக்க வரத் தொடங்கியது. நான் வாசல் படலையிலேயே நின்று மறித்தேன். அவருக்கு விசயம் தெரியாது, சுகமில்லாதவரைப் பார்க்க வந்த மாதிரி வந்து இருந்துவிட்டுப் போங்கோ என்று ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியிருந்தது. சிலர் விளங்கிக்கொண்டார்கள். சிலர் செத்தவீட்டு முகத்தை மாற்றத் தெரியாமல் நின்றார்கள். அவர்களிடம், உந்த முகத்தை இஞ்சையே கழட்டிவைச்சிட்டு உள்ளுக்கு வாங்கோ என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் விறாந்தையில் வரிசையாய் இருந்து மழையைப் பற்றியும் காஸ் விலையைப் பற்றியும் கதைத்தார்கள். ஒரு கிழவி அடக்க ஏலாமல் மூக்கை உறிஞ்ச, அவவுக்குத் தடிமன் என்றேன். இவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி எல்லோருக்கும் தலையாட்டினார். திடீரென்று தனக்கு இத்தனை மரியாதை ஏன் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

செத்தவீட்டைப் போனில் காட்டினார்கள். இப்போது எல்லா வெளிநாட்டுச் செத்தவீடும் அப்படித்தானே. நான் பொழுதுபடுகிற நேரத்தில் உடுப்புத் தோய்க்கிற சாட்டில் கிணற்றடிக்குப் போய், தோய்க்கிற கல்லில் சவர்க்காரப் பெட்டியோடு போனைச் சாத்திவைத்து, சத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தேன். அத்தான் கோட்டும் சூட்டுமாய்ப் பெட்டிக்குள் கிடந்தார். யாரோ வாயசைத்துத் தேவாரம் பாடினார்கள். மகள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து இவர் தண்ணி கேட்டார். போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போய்க் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள். வாளியில் ஊறின உடுப்பு அப்படியே கிடந்தது. தோய்த்துக் காயப்போட்டேன்.

இனி விளையாட்டு. கோட்டை நேரே போகும், சிப்பாய் ஒரு கட்டம் போகும் என்பது பார்த்துப் பார்த்தே எனக்குத் தெரிந்திருந்தது. மந்திரி மூலைவாட்டில் போகும் என்பதை ஒருமாதிரிப் பிடித்துக்கொண்டேன். குதிரைப் பக்கம் மட்டும் நான் போகவேயில்லை. எங்கே தொட்டாலும் அது நான் நினைக்காத இடத்தில் போய் நின்றது. என் விளையாட்டில் மூன்று காய் சேர்ந்ததைவிடக் கல் விழுந்ததே அதிகம். இவர் தன் முறை வரும்போது ஒரு கல்லை உடைப்பார். மறுநாள் விடிய நான் இரண்டை விழுத்துவேன்.

"அண்ணை முந்தின மாதிரி இல்லை. சறுக்குது," என்றார் ஒருநாள், தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மனுசன் செத்தும் விளையாடுகிறார், அதிலும் குறை பிடிக்கிறார்களே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு குசினிக்குள் போனேன்.

ஆனால் என் தலையிடி விளையாட்டில்லை, துடக்கு. கூடப்பிறந்தவன் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை எங்கள் வீட்டில் துடக்கு, சாவுத்தீட்டு. மச்சம் காய்ச்சக் கூடாது. அதற்குக் கவலையில்லை, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எப்படியும் நாங்கள் சைவம்தான். சாமியறைதான் பிரச்சினை. பின்னேரமானால் முகம் கழுவி விளக்கேற்றுவது என் வழக்கம். புருசனுக்கு வாய் கூசாமல் பொய் சொன்ன எனக்கு, துடக்கோடு போய் அந்த விளக்கைத் தொட மனம் வரவில்லை. மனிசருக்குச் சொல்கிற பொய் வேறு. சாமிக்கு முன்னால் நெருப்புப்பெட்டியை எடுக்கவே கை போகவில்லை. இளம் வயதென்றால் மாதவிலக்கென்று ஒரு சில நாளாவது சமாளித்திருக்கலாம். இந்த வயதில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் தினமும் பின்னேரம் சாமியறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். விளக்கேற்றிய மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாமியறை வாசலுக்கு நேரேதான் இவருடைய கதிரை. எண்ணெய் மணமும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. இவர் ஒன்றும் கேட்கவில்லை.

தேருக்கு முதல்நாள் மட்டும், "நீ நல்லூருக்குப் போகேல்லையே?" என்றார். எந்த வருடமும் விடாதவள் நான். உங்களைத் தனிய விட்டிட்டு எப்படிப் போகிறது என்றேன். உம் என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தார். தேரன்று றேடியோவில் அரோகராச் சத்தம் கேட்டது. நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பலகையில் கல் கூடிக்கொண்டே வந்தது. மேலே இரண்டு வரிசை தவிர மற்றதெல்லாம் சாம்பல். அடைபட்டால் பலகை முடிந்துபோகும். புதுப்பலகை தொடங்கலாம்தான். ஆனால் அத்தான் கை வைத்த பலகை அது. அண்ணைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று இவருக்குப் பட்டுவிடும் என்ற பயம் எனக்கு. அந்த மாதம் முழுக்க எனக்குத் தெரிந்த ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான். வேறு வழி தெரியாமல் இவரிடமே போனேன். பிஸ்கட்டுத் தட்டை நீட்டிக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாய் வைத்துக்கொண்டு, "உந்தக் குதிரை எப்பிடிப் போறது? சும்மாதான் கேக்கிறன்," என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு தட்டைத் தன் மடியில் வைத்து, பிஸ்கட்டுகளைக் கட்டம் மாதிரி அடுக்கினார். ரெண்டு நேரை, ஒண்டு பக்கத்தாலை என்றார். நடுவில் என்ன நின்றாலும் அது தாண்டிப் போகும் என்றார். என் விரலைப் பிடித்து ஒவ்வொரு பிஸ்கட்டிலும் வைத்துக் காட்டினார். பிறகு, நான் கேட்காமலே, "ஒரு காயை எடுக்க முதல் குதிரை எங்கை நிக்குதெண்டு பார்க்கவேணும். அண்ணை அப்பிடித்தான்," என்றார்.

மறுநாள் விடிய, கேத்தில் கொதிக்க முன்னமே குதிரையை எடுத்தேன். கல்லுக்கு மேலால் பாய்ந்துபோய் ஒரு மூலையில் நின்றது. மூன்று வெள்ளைக் காய் மறைந்தது, மேலேயிருந்து விழுந்ததில் இன்னும் மூன்று சேர்ந்தது, கல்லுகள் வரிசையாய் உடைந்தன. நான் சத்தம் போடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன்.

தேத்தண்ணி கொண்டுபோனபோது இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை இண்டைக்குக் குதிரையை எடுத்திட்டார்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார். சந்தோசத்தில் என்றுதான் நான் நினைத்தேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், எனக்கும் சந்தோசம்தான்.

அதன்பிறகு தினமும் குதிரைதான். எனக்கு ஏதோ பிடிபட்டமாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால், இவர் தன் முறையில் எனக்கு வசதியாகவே காய்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குதிரை பாய்ந்தால் போதும், சேர்கிற மாதிரி. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

அந்தியேட்டியைக் கனடாவிலேயே செய்தார்கள். கடலில் அஸ்தி கரைக்க வசதியில்லை, ஏதோ ஒரு வாவியில் கரைத்ததாக மகள் சொன்னாள். அது முடிந்தது என்று செய்தி வந்ததும் நான் வீடு முழுக்கக் கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்து, தலை முழுகினேன். ஒட்டடை கூடிப்போச்சு என்று இவருக்கு ஒரு சாட்டுச் சொன்னேன். இவரும் தலை முழுகவேணும் என்று வெந்நீர் கேட்டார். வைத்துக் கொடுத்தேன். பின்னேரம் சாமியறைக் கதவை அகலத் திறந்து விளக்கேற்றினேன். சாம்பிராணி போட்டேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தேன்.

இவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். என் நெற்றியைப் பார்த்தார்.

"அந்தியேட்டி முடிஞ்சுதே?"

நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசைதான் முதலில் நினைவுக்கு வந்தது. மேசை லாச்சியைத் திறந்து கொட்டித் தேடத் தொடங்கினேன். விடு, அது வேண்டாம் என்றார். குரலில் ஒரு பதட்டமும் இல்லை.

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே. நீ விளக்கு வைக்கேல்லை. அடுத்த நாளும் வைக்கேல்லை. எங்களுக்குத் துடக்கெண்டால் ஆராலை வரும்? அண்ணை ஒராள்தானே மிச்சம்."

நான் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். கிணற்றடியில் நான் நின்ற நேரங்களில் தான் இங்கே இருந்து அழுது முடித்துவிட்டதாகச் சொன்னார். நெஞ்சு ஒன்றும் செய்யவில்லையாம். ஒருநாள் மட்டும் கொஞ்சம் அடைத்ததாம், குளிசை வைத்ததும் நின்றுவிட்டதாம். நான் காத்துவைத்தேன் என்று நினைத்த மனுசன், எனக்குத் தெரியாமல் தனியே இருந்து அதையும் கடந்திருக்கிறார். அந்த நேரத்தில் ஏதாவது நடந்திருந்தால், பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன். ஆம், கத்தினேன்.

"சொல்லியிருந்தால் நீ விளையாடுறதை நிப்பாட்டியிருப்பாய்."

இவர் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"திருநீறு," என்றார்.

அப்போதுதான் இவருடைய நெற்றியைப் பார்த்தேன். வெறும் நெற்றி. நினைவு தெரிந்த நாளிலிருந்து குளித்தால் மூன்று குறி இழுக்காமல் வாயில் தண்ணியும் வைக்காதவர். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பூசிக்கொண்டு கிடந்தவர். ஒரு மாதமாய் என் கண்ணுக்கு முன்னால், துடக்குக்காரனாய், வெறும் நெற்றியோடு இருந்திருக்கிறார். மூன்று நேரமும் சாப்பாடு வைத்தேன், மருந்து கொடுத்தேன், முகத்தைத் துடைத்தும் விட்டேன். நான் அதைக் காணவில்லை. இவரை ஏமாற்றுவதிலேயே கண்ணாயிருந்து, இவரைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

திருநீற்றுத் தட்டை எடுத்துவந்து நானே பூசிவிட்டேன்.

ஒப்பரேசன் பிறகு நல்லபடி நடந்தது. இப்போது என்னோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். அதைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பலகைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

அன்றைக்குப் பிறகு இருவரும் அதைத் தொடவில்லை. இனிமேல் விளையாட வேண்டாம், தானாய்க் கலையட்டும் என்றார். மூன்றாம் நாள் விடிய நான் வழக்கம்போல் கேத்திலை வைத்துவிட்டு யன்னலோரம் போனேன். கை தானாகப் போனைத் தேடியது. இவர் விறாந்தையிலிருந்து எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். காய்கள் மேலேயிருந்து ஒவ்வொன்றாய் மங்கிக் கீழே உதிர்ந்தன. கடைசியில் வெறும் கட்டங்கள் இருந்தன. அத்தானின் பெயரும் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

நான் அழத் தொடங்கினேன். ஒரு மாதமாய் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. அக்கம்பக்கம் கேட்கும் என்றும் பார்க்காமல், குசினி நிலத்தில் குந்தியிருந்து, அத்தான், அத்தான் என்று ஒப்பாரி வைத்து அழுதேன். செத்தவீட்டில் அழவேண்டியதை அங்கே அழுதேன். இவர் என் தலையில் ஒருதரம் கை வைத்தார். பிறகு கொதித்த கேத்திலைத் தூக்கினார். அது பாரம், தூக்கக் கூடாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அன்றைக்குத் தேத்தண்ணி அவர்தான் போட்டார்.